கிட்டாருக்கு பிரிட்ஜ் மாற்றினேன்

ஒரு நாள் காலை இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது என் மனைவியிடம், "பிரிட்ஜ் போச்சு. புதுசு மாத்தணும்" என்றேன். சட்னி ஊற்ற வந்த கை அப்படியே நின்றது. அவள் முகம் அந்த அளவுக்கு மலர்ந்து நான் பார்த்து வெகு காலம் ஆகியிருந்தது.

"நானே சொல்லணும்னு இருந்தேன்" என்றாள். "இந்தத் தடவை ரெண்டு கதவு வச்சதா பாருங்க. கீழ காய்கறிக்குன்னு தனியாப் பெரிய டப்பா இருக்கணும்."

நான் சொன்னது என் எலெக்ட்ரிக் கிட்டாரின் பிரிட்ஜை. அதை விளக்குவதற்குள் அவள் தன் அம்மாவுக்கு போன் போட்டுவிட்டாள். மாமியார் எந்த நிறம் வீட்டுக்கு ஆகிவரும் என்று சொல்லிக்கொண்டிருந்தது எனக்கும் கேட்டது. அதற்கு மேல் நடுவில் புகுந்து உண்மையைச் சொல்லும் துணிச்சல் எனக்கு இல்லை. கை கழுவிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

வீணையிலும் வயலினிலும் இந்த உறுப்பைக் குதிரை என்பார்கள். நானும் அப்படியே சொல்லியிருக்கலாம். ஆனால் ஒரு பல் டாக்டர் காலையில் எழுந்ததும் குதிரை மாற்றணும் என்று பேச ஆரம்பித்தால் வீட்டில் வேறு மாதிரி கவலைப்படுவார்கள்.

எனக்குக் காளவாசல் பக்கம் ஒரு மாடியில் சின்ன கிளினிக். வீடு நாகமலை புதுக்கோட்டையில். படிக்கிற காலத்தில் வாங்கிய கிட்டார் ஒன்றை இன்னும் விடாமல் வைத்திருக்கிறேன். பிரமாதமாக வாசிப்பேன் என்று சொல்ல மாட்டேன். வாசிப்பேன், அவ்வளவுதான்.

பிரிட்ஜ் என்பது கிட்டாரின் உடம்பில் ஆறு கம்பிகளும் வந்து முடிகிற இரும்புத் தகடு. ஒவ்வொரு கம்பியும் அதன் மேல் ஒரு சின்னத் தாங்கியில் உட்கார்ந்திருக்கும். தாங்கியை ஏற்றவும் இறக்கவும், முன்னும் பின்னும் நகர்த்தவும் பொடிப்பொடித் திருகுகள் உண்டு. வாசிக்கிறவனின் உள்ளங்கை வியர்வை நேராகப் போய் இறங்குவது அந்தத் திருகுகளின் மேல்தான். மதுரை வெயிலில் இத்தனை வருஷம் வியர்த்ததில் என்னுடையவை துருப்பிடித்து ஒரே கட்டியாக இறுகிவிட்டன. வாசித்து முடித்தால் உள்ளங்கை மருதாணி வைத்த மாதிரி இருக்கும். மூன்றாவது கம்பியைத் தொட்டால் டப்பாவுக்குள் ஈ மாட்டிக்கொண்ட மாதிரி ஒரு இரைச்சல்.

வேறு நேரமாக இருந்தால் அப்படியே விட்டிருப்பேன். ஆனால் வாடிப்பட்டியில் இருக்கும் என் தங்கை, தன் பெண் குழந்தைக்குக் காதுகுத்து வைத்திருந்தாள். நான் தாய்மாமன். குழந்தையை என் மடியில் வைத்துத்தான் காது குத்துவார்கள். சீர்த்தட்டு, பட்டுப்பாவாடை, தோடு எல்லாவற்றையும் மனைவி பார்த்துக்கொண்டாள். என் பங்குக்கு நானும் என் பள்ளிக்கூடத் தோழனும் மேடையில் வாசிக்கிறோம் என்று சொல்லியிருந்தேன்.

தங்கை போனிலேயே பேரம் பேசினாள். "ரெண்டு பாட்டுண்ணே" என்றாள் கடைசியில். "பந்தி போடுறதுக்கு முன்னாடி முடிச்சிரணும்."

புது பிரிட்ஜை இணையத்தில் தேடி வரவழைத்தேன். பழையதைவிடப் பளபளப்பாக ஒன்று. அதில் ஒரு கைப்பிடியும் உண்டு. கைப்பிடியை அழுத்தினால் தகடு பின்பக்கம் எழும்பும், கம்பிகள் தளரும், சுரம் அழுகிற குரல் மாதிரி வளைந்து இறங்கும். இளவயதில் அந்தக் கைப்பிடிக்காக ஏங்கியிருக்கிறேன். என் பழைய பிரிட்ஜில் இருந்தது நான் வாங்கும்போதே உடைந்திருந்தது.

பார்சல் வந்த அன்று நான் கிளினிக்கில் இருந்தேன். மனைவி போன் செய்தாள்.

"என்னங்க, பிரிட்ஜுன்னு போட்டு ஒரு பொட்டி வந்திருக்கு."

"ஆமா."

"சோப்பு டப்பா அளவுக்கு இருக்குங்க."

நான் விஷயத்தைச் சொன்னேன். பெட்டியை மேஜையில் டொக்கென்று வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு, "எங்கம்மாகிட்ட நீங்களே சொல்லிருங்க" என்று வைத்துவிட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேஜையில் பழைய போர்வையை விரித்து வேலையைத் தொடங்கினேன். இந்த வகை கிட்டாரின் முதுகில் ஒரு குழி இருக்கும். அதில் வரிசையாக ஸ்பிரிங்குகள். முன்பக்கம் ஆறு கம்பிகளும் பிரிட்ஜை ஒரு பக்கம் இழுக்கும், பின்பக்கம் ஸ்பிரிங்குகள் எதிர்ப்பக்கம் இழுக்கும். இரண்டு இழுப்பும் சமமாக இருந்தால் பிரிட்ஜ் மிதக்கிற மாதிரி நிற்கும். கம்பிகளைக் கழற்றிவிட்டு, ஸ்பிரிங்கை விடுவிக்க ஒரு ஸ்குரூ டிரைவரால் நெம்பினேன். டிங் என்று ஒரு சத்தம். ஸ்பிரிங்கைக் காணோம்.

அலமாரிக்கு அடியில், மிக்ஸிக்குப் பின்னால், குழம்புச் சட்டிக்குள் என்று எல்லா இடத்திலும் தேடினோம். அது சாயங்காலம்தான் கிடைத்தது. கண்டுபிடித்தது என் மனைவி, வலது கால் குதிகாலால்.

குளிர்ந்த தண்ணீரில் காலை வைத்துக்கொண்டு அவள் சொன்னது ஒரே வரிதான். "இந்த வேலையெல்லாம் இனிமே வீட்டுல வேணாம்."

ஆக, கிட்டார் கிளினிக்குக்குப் போனது.

யோசித்துப் பார்த்தால் அதைவிடத் தோதான இடம் கிடையாது. நிழல் விழாத விளக்கு. ஏற்றி இறக்கிச் சாய்க்கிற நாற்காலி. கைக்கு எட்டும் தூரத்தில் விதவிதமான இடுக்கிகள். மதியம் நோயாளிகள் வராத நேரத்தில் கிட்டாரை நாற்காலியில் மல்லாக்கப் படுக்க வைத்து, தலைமாட்டில் கழுத்தைச் சாய்த்து, விளக்கைப் போட்டேன். என் கிளினிக் உதவியாளர், எது நடந்தாலும் முகம் மாறாத பெண்மணி, எட்டிப் பார்த்தார்.

"இதுக்கு ஏப்ரன் கட்டவா சார்?" என்றார்.

"வேணாம்."

"வியர்வை படாம இருக்கும்னு பாத்தேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவர் கிண்டல் செய்தாரா, உண்மையிலேயே கேட்டாரா என்று இன்றுவரை தெரியாது.

பழைய பிரிட்ஜை மரத்தோடு சேர்த்து ஆறு திருகுகள் பிடித்திருந்தன. ஐந்து எப்படியோ முனகிக்கொண்டு வந்துவிட்டன. ஆறாவது, தலை மட்டும் கையோடு வந்தது. உடம்பு மரத்துக்குள்ளேயே நின்றுவிட்டது. பல் உடைந்து வேர் உள்ளே தங்குகிற அதே காட்சி. மனிதர்கள் விஷயத்தில் இப்படி ஆனால் நான் பதறுவதில்லை. கிட்டார் என்பதால் நாற்காலியைச் சுற்றி இரண்டு தடவை நடந்தேன்.

அதைவிடப் பெரிய சங்கடம் அடுத்து வந்தது. புது பிரிட்ஜை வைத்துப் பார்த்தால், அதன் ஓட்டைகளும் மரத்தில் இருந்த ஓட்டைகளும் ஒத்துப்போகவில்லை. நடுவில் இரண்டு சரியாக உட்கார்ந்தன. ஓரத்துக்குப் போகப்போக ஒரு நூல் அளவு விலகல். வாங்குவதற்கு முன் அளவு பார்க்கணும் என்று எழுதியிருந்தது. நான் நிறம்தான் பார்த்திருந்தேன்.

பழைய ஓட்டைகளை அடைத்துவிட்டுப் புதிதாகத் துளை போடணும். பல்லை அடைக்கிற பசை என்னிடம் நிறைய இருந்தது. நீல விளக்கைக் காட்டினால் நொடியில் இறுகும். ஆனால் அது கல் மாதிரி ஆகிவிடும், மரத்திருகு அதில் பிடிக்காது. மரத்தை மரத்தால்தான் அடைக்கணும். அந்த ஓட்டைக்குள் கச்சிதமாகப் போகிற அளவில், சீவிய மரம் எங்கே கிடைக்கும் என்று யோசித்தேன். விடை உடனே வந்தது. வந்ததும் வருத்தமாக இருந்தது.

பல்குத்தும் குச்சி.

என் தொழிலில் நான் வாய் ஓயாமல் திட்டுகிற பொருள் அது. ஈறைக் கிழிக்கும், இடைவெளியை அகலமாக்கும், தொடவே தொடாதீர்கள் என்று சுவரில் படம் போட்டு மாட்டியிருக்கிறேன். உதவியாளரை வாங்கி வரச் சொல்ல வெட்கமாக இருந்தது. நானே இறங்கிப் போனேன். ஹோட்டலுக்குப் பக்கத்துக் கடையில் ஒரு டப்பா வாங்கிக்கொண்டு திரும்பினால், பின்னால் வாடிப்பட்டிப் பக்கத்து விவசாயி ஒருவர் நிற்கிறார். என் நோயாளி. அன்று சாயங்காலம் அவருக்குக் கடைவாய்ப் பல் எடுக்கணும். பஸ் சீக்கிரம் வந்துவிட்டதால் அவரும் சீக்கிரம் வந்துவிட்டார். போன தடவை குச்சி போட்டுக் குத்தியதற்காக அவரைக் கால் மணி நேரம் உட்கார வைத்துப் பேசியிருக்கிறேன்.

"டாக்டரய்யா, குச்சியா வாங்குறீக?" என்றார்.

"ஆமாண்ணே."

"எனக்கு மட்டும் வேணாம்னீக."

"இது பல்லுக்கு இல்லண்ணே. கிட்டாருக்கு."

அவர் டப்பாவை வாங்கிப் புரட்டிப் பார்த்தார். "அதுக்கும் பல்லு இருக்கா?"

விளக்கம் சொல்லிக்கொண்டே படியேறினேன். அவரும் கூடவே வந்தார். உள்ளே நாற்காலியில் விளக்கு வெளிச்சத்தில் கிட்டார் படுத்திருப்பதைப் பார்த்ததும் வாசலிலேயே நின்று செருப்பைக் கழற்றினார்.

"இதுக்கு முடிச்சிட்டு உங்களுக்குப் பண்றேன். கொஞ்ச நேரம்தான்" என்றேன்.

"எனக்கு ஒண்ணும் அவசரமில்லய்யா. நீங்க பொறுமையாப் பாருங்க. எனக்கு வலிகூட அம்புட்டு இல்ல" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

உடைந்த திருகைச் சுற்றி மெல்லிய கருவியால் மரத்தைக் கொஞ்சம் விலக்கி, பல் பிடுங்குகிற இடுக்கியால் அதைப் பிடித்தேன். அசைத்தேன். வரவில்லை. நாற்காலியை இறக்கிவிட்டு, அதன் ஓரத்தில் ஒரு காலை முட்டுக்கொடுத்துக்கொண்டு இழுத்தேன். நோயாளிகள் முன்னால் ஒருபோதும் செய்யாத காரியம். விவசாயி எழுந்து நின்றுவிட்டார்.

"ஊசி போட்டாச்சா அதுக்கு?" என்று மெதுவாகக் கேட்டார்.

நான் பதில் சொல்வதற்குள் திருகு கிறீச் என்று ஒரு சத்தத்துடன் கையோடு வந்தது. நான் பின்னால் போய் மருந்து அலமாரியில் இடித்துக்கொண்டேன். வெற்றியோடு இடுக்கியைத் தூக்கிப் பிடித்துத் திரும்பினால் ஸ்டூல் காலியாக இருந்தது.

வெளியே வந்து உதவியாளரிடம் கேட்டேன்.

"அவரு அப்பவே படி இறங்கிட்டாரு சார். பல்லு வலி நின்னுபோச்சாம். அதுக்கு ஒடம்பு தேறினதும் சொல்லி விடச் சொன்னாரு."

"எதுக்கு?"

"கிட்டாருக்கு."

குச்சிகளை மரம் ஒட்டுகிற பசையில் தோய்த்து ஓட்டைகளில் செருகி, நீட்டிக்கொண்டிருந்ததை நறுக்கி, காயவிட்டேன். மறுநாள் பல் குடைகிற, மெதுவாகச் சுற்றும் கருவியில் புது முனை மாட்டிப் புதுத் துளைகளைப் போட்டேன். அந்த முனையை அன்றைக்கே குப்பையில் போட்டுவிட்டேன். இதைப் படிக்கிறவர்களில் என் நோயாளிகள் யாராவது இருந்தால் கவலைப்பட வேண்டாம்.

பிரிட்ஜ் உட்கார்ந்தது. திருகுகள் பிடித்தன. புதுக் கம்பிகளைக் கட்டினேன். கஷ்டமெல்லாம் முடிந்தது என்று நினைத்துக்கொண்டு முதல் கம்பியை முறுக்கிச் சுருதி சேர்த்தேன். இரண்டாவதை முறுக்கினேன். முதல் கம்பி இறங்கிவிட்டது. முதலாவதை மறுபடி ஏற்றினேன். இரண்டாவது இறங்கியது. மூன்றாவதை முறுக்கியதும் இரண்டுமே இறங்கின. மிதக்கிற பிரிட்ஜின் குணம் அது. ஒரு கம்பியை இறுக்கினால் பிரிட்ஜ் கொஞ்சம் எழும்பும், மற்றவை எல்லாம் தளரும். சொத்துப் பிரிக்க உட்கார்ந்த ஆறு பங்காளிகள் மாதிரி, ஒருவருக்குத் திருப்தி என்றால் ஐந்து பேர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறார்கள்.

பிரிட்ஜ் கப்பல் மூழ்குகிற மாதிரி முன்பக்கம் சாய்ந்து நின்றது. முதுகுக் குழியில் ஸ்பிரிங்குகளைப் பிடித்திருக்கும் திருகை இறுக்கினேன். இப்போது அளவுக்கு மீறிப் படுத்துவிட்டது. தளர்த்தினேன். மறுபடி சுருதி. இப்படியே இரண்டு மூன்று நாள் மதியம் போனது. அந்த நாட்களில் நான் யாருடைய பல்லையாவது பார்த்தேனா என்பதே நினைவில் இல்லை.

கடைசியில் என் தோழனை வரச் சொன்னேன். அவனுக்கு விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடை. கீபோர்டு வாசிப்பான். பல தலைமுறையாக மதுரையில் இருக்கும் சௌராஷ்டிரக் குடும்பம். வீட்டில் அவர்கள் மொழி, கடையில் தமிழ், என்னோடு பள்ளிக்கூடத்து வசவு. வந்ததும் நாற்காலியில் கிடந்த கிட்டாரைப் பார்த்துவிட்டுத் தன் மனைவிக்கு போன் போட்டான். அவர்கள் மொழியில் நீளமாக ஏதோ சொன்னான். எனக்குப் புரிந்தது "கிட்டார்", "டாக்டர்" என்ற இரண்டு சொற்கள்தான். அந்தப் பக்கம் சிரிப்பு ஓயவே இல்லை.

"என்ன சொன்னே?"

"நீ நல்லா இருக்கேன்னு சொன்னேன் மாப்ள."

அவன் போனில் சுருதி காட்டுகிற ஆப் ஒன்று இருந்தது. இனி செய்ய வேண்டியது நுணுக்கமான வேலை. கம்பியைச் சும்மா மீட்டினால் வருகிற சுரமும், அதன் சரிபாதியில் அழுத்தி மீட்டினால் வருகிற சுரமும் ஒரே சுரமாக இருக்கணும், ஒரு ஸ்தாயி மேலே. அழுத்தியது ஏறிக் கேட்டால் தாங்கியைப் பின்னால் தள்ளணும். இறங்கிக் கேட்டால் முன்னால் இழுக்கணும். இப்படி ஒவ்வொரு கம்பிக்கும்.

நான் மீட்டுவேன், அவன் போனைப் பார்த்துச் சொல்வான்.

"ஏறியிருக்கு."

திருகைச் சுற்றுவேன்.

"இறங்கியிருக்கு."

இந்தப் பக்கம் சுற்றுவேன்.

"ஆ, சுத்தமா இருக்கு. அப்படியே விடு."

"நான் இன்னும் மீட்டவே இல்லையே."

ஜன்னல் வழியாகக் காளவாசல் சிக்னலில் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. தோழன் போனையும் ஜன்னலையும் மாறி மாறிப் பார்த்தான். "பஸ்ஸு கரெக்டாத்தான் இருக்கு மாப்ள. நீதான் ஏறியிருக்க."

ஜன்னலைச் சாத்தினோம். ஃபேன் இரைச்சலையும் ஆப் கணக்கில் எடுத்துக்கொண்டதால் அதையும் நிறுத்தினோம். இரண்டு பேரும் வியர்த்து ஊற்றிக்கொண்டு, மூச்சை அடக்கி, ஒரு கம்பியின் மேல் குனிந்திருந்தோம். நேரம் போனதையே கவனிக்கவில்லை. கதவுக்கு வெளியே நோயாளிகள் வர ஆரம்பித்திருந்தார்கள்.

"டாக்டர் இருக்காரா?" என்று ஒரு அம்மாவின் குரல்.

"இருக்காரு. உள்ள கம்பி கட்டிட்டு இருக்காரு" என்றார் உதவியாளர். அதில் பொய் ஒன்றும் இல்லை.

"நாங்களும் அதுக்குத்தான் வந்தோம். பிள்ளைக்குப் பல்லுக்குக் கம்பி போடணும்."

அந்த நேரம் பார்த்து நான் ஆறாவது கம்பியை, தடித்ததை, அழுத்தி மீட்டினேன். டொய்ங் என்று அறையே அதிர்ந்தது. கூடவே தோழன், "இன்னும் இறுக்கு, இன்னும் இறுக்கு. விடாத" என்றான்.

வெளியே ஒரு பெண்பிள்ளையின் குரல் கேட்டது. "அம்மா, எனக்கு இப்படியே இருக்கட்டும்மா. எனக்கு இந்தப் பல்லே பிடிச்சிருக்கு."

நான் கதவைத் திறந்து கிட்டாரைக் காட்டி, அந்தப் பிள்ளையைச் சமாதானப்படுத்த வேண்டியிருந்தது. அது என்னை நம்பவில்லை. கிட்டாரைத்தான் நம்பியது. கடைசியில் அதை ஒரு தடவை மீட்டிப் பார்க்கலாமா என்று கேட்டது. மீட்டியது. ஆறு கம்பியும் ஒன்றாக ஒலித்தன, எந்த இரைச்சலும் இல்லாமல். நானும் தோழனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். என் கிட்டார் வாங்கிய நாளில்கூட அப்படி ஒலித்ததில்லை.

காதுகுத்து அன்று வாடிப்பட்டி மண்டபத்தில் எனக்கு இரண்டு வேலை. பட்டு வேட்டி கட்டி, தலையில் துண்டு கட்டாத குறையாக, மேளத்தோடு சீர்த்தட்டுகளுக்கு முன்னால் நடந்து வந்தேன். குழந்தையை மடியில் வாங்கிக்கொண்டேன். ஆசாரி ஊசியோடு குனிந்தபோது எனக்குத்தான் வியர்த்தது. தினமும் ஊசி போடுகிறவன் நான். கண்ணை மூடிக்கொண்டேன். குழந்தை "ம்?" என்று ஒரு சத்தம் போட்டது, அவ்வளவுதான். இரண்டாவது காதுக்கு அதுவும் இல்லை. வாயில் வாழைப்பழத்தை வைத்ததும் மென்றுகொண்டே ஆசாரியின் மீசையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"புள்ளைக்கு நல்ல தைரியம்" என்றார்கள் எல்லோரும். தாய்மாமன் முகத்தில் பெருமை தாங்கவில்லை.

அடுத்து வாசிப்பு. முதல் பாட்டு நன்றாக வந்தது. நான் சொல்வதற்காகச் சொல்லவில்லை, மனைவியே அப்புறம் ஒத்துக்கொண்டாள். சாதம் வடிக்கிற இடத்திலிருந்து சமையல்காரர் ஒருவர் கரண்டியோடு வந்து நின்று கேட்டார். புதுத் தாங்கிகள் மேல் கம்பிகள் லேசாக, ஒரே உயரத்தில் இருந்தன. விரல் போகிற இடமெல்லாம் சுரம் காத்துக்கொண்டிருந்த மாதிரி இருந்தது. எத்தனையோ வருஷமாக என்னைச் சகித்துக்கொண்டிருந்த கிட்டார் அன்றுதான் எனக்கு ஒத்துழைத்தது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். இரண்டாவது பாட்டின் நடுவில், எல்லோரும் பார்க்கிறார்கள் என்ற தெம்பில், கைப்பிடியைப் பிடித்து அழுத்தினேன். சுரம் அழகாக வளைந்து இறங்கியது. முன்வரிசையில் சிலர் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். இன்னும் கொஞ்சம் அழுத்திவிட்டுச் சட்டென்று விட்டேன். மெல்லிய கம்பி பட்டென்று அறுந்தது.

சாதாரண கிட்டாரில் ஒரு கம்பி அறுந்தால் மிச்சம் ஐந்தை வைத்து ஒப்பேற்றலாம். மிதக்கிற பிரிட்ஜில் அப்படி இல்லை. ஒரு பக்கம் ஒரு ஆள் கையை விட்டதும் எதிர்ப்பக்கத்து ஸ்பிரிங்குகள் ஜெயித்துவிட்டன. தகடு பின்னால் படுத்தது, மிச்சம் ஐந்து கம்பிகளும் மேலே ஏறிவிட்டன. நான் வாசித்தது ஒரு சுருதி, தோழன் வாசித்தது ஒரு சுருதி. அவன் கீபோர்டில் ஒரு பொத்தானை அமுக்கித் தன் சுருதியை ஏற்றிப் பார்த்தான். நான் இருந்த இடம் அவனுடைய ஏதோ இரண்டு கட்டைகளுக்கு நடுவில்.

அப்போதுதான் குழந்தை அழ ஆரம்பித்தது. வாயைக் கோணி, மூச்சைப் பிடித்து, மண்டபம் முழுக்கக் கேட்கிற மாதிரி.

தங்கை மேடைக்குப் பக்கத்தில் வந்தாள். "காது குத்தினப்பக்கூட அழாத புள்ளண்ணே இது" என்றாள்.

நான் மேடை ஓரத்தில் குந்தி உட்கார்ந்தேன். தோழன் தனியாக ஏதோ வாசித்துச் சமாளித்துக்கொண்டிருந்தான். மனைவி வந்து குனிந்து, "என்ன ஆச்சு?" என்றாள்.

"இந்தத் தகடு கீழ படுத்திருச்சு. அடியில ஏதாவது கெட்டியா வச்சாத்தான் பழைய எடத்துல நிக்கும்."

"எம்புட்டுக் கனத்துக்கு?"

விரலால் காட்டினேன். அவள் சுற்றிப் பார்த்தாள். வரவேற்புத் தட்டில் வெற்றிலை, பாக்கு, கல்கண்டு. ஒரு பாக்கு எடுத்து வைத்துப் பார்த்தாள், பெரிதாக இருந்தது. வெட்டிய பாக்கில் தட்டையான துண்டு ஒன்றைத் தேடி எடுத்தாள். "நீங்க கைப்பிடிய அமுக்குங்க" என்றாள். அமுக்கினேன். தகடு எழும்பியது. அந்த இடைவெளியில் பாக்கைச் செருகினாள். விட்டேன். தகடு பாக்கின் மேல் உட்கார்ந்து நின்றது. மீட்டிப் பார்த்தால், கொஞ்சம் திருத்தினால் போதும் என்கிற அளவுக்குச் சுருதி திரும்பி வந்திருந்தது. ஸ்பிரிங் குத்திய காலோடு இவள் இந்த பிரிட்ஜுக்கு இதைச் செய்தாள் என்பது எனக்கு அப்போது உறைத்தது. நன்றி சொல்ல வாயெடுத்தேன். "மொதல்ல வாசிச்சு முடிங்க, ரசம் ஆறுது" என்று இறங்கிப் போய்விட்டாள்.

எங்கள் பெரியம்மா ஒருவர் முன்வரிசையில் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். நான் பாக்கு போடக்கூடாது என்று பார்க்கும்போதெல்லாம் அவரைக் கண்டிப்பவன். "நம்மள வாயில போடாதேங்கிறான்" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது மைக் வரை கேட்டது. "அவன் கிடாருல போட்டுக்கிறான் பாரு."

ஐந்து கம்பிகளோடு பாட்டை முடித்தோம். கைதட்டினார்கள். கைதட்டிக்கொண்டே பந்தியை நோக்கி நடந்தார்கள். குழந்தை கடைசி சுரம் வரை அழுது, நாங்கள் நிறுத்திய கையோடு நிறுத்தியது. சாப்பாட்டுக்குப் பிறகு அதை என்னிடம் கொண்டுவந்தார்கள். சந்தனம் பூசிய காதுகளோடு என் மடியில் உட்கார்ந்து பளபளவென்றிருந்த பிரிட்ஜைப் பார்த்தது. குனிந்து, வாயை வைத்து, நிதானமாக நக்கியது. யாரும் தடுக்கவில்லை. நானும் தடுக்கவில்லை. அதற்குப் பிடித்திருந்தது.

அடுத்த வாரம் புதுக் கம்பி போட்டேன். பாக்கை எடுத்துவிட்டு ஸ்பிரிங்குகளை நன்றாக இறுக்கி, தகடு மரத்தோடு ஒட்டி உட்காரும்படி செய்துவிட்டேன். மிதப்பது நின்றது. கைப்பிடியைக் கழற்றி மேஜை டிராயரில் போட்டுவிட்டேன். தாங்கிகளைத்தான் மறுபடி முதலிலிருந்து சரிசெய்ய வேண்டியிருந்தது. இப்போது கம்பி அறுந்தாலும் சுருதி அசையாது.

தோழன் வந்து பார்த்தான். "அப்ப மிதக்கிறதுன்னு தேடித் தேடி எதுக்கு மாப்ள வாங்கின?" என்றான்.

நான் கிட்டாரைக் கையில் எடுத்தேன். அவன் கீபோர்டைத் திறக்கும் வரை காத்திருந்து, வாசிக்க ஆரம்பித்தேன்.